பட்டறையில் வெல்டிங் புகை: சுவர் ஃபேன் போதுமா, உறிஞ்சும் குழாய் போட வேண்டுமா?

துவாக்குடி பட்டறை:

வணக்கம். திருச்சி துவாக்குடி பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். 80க்கு 40 அடி ஷெட், மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர். ஏழு வெல்டர்கள், நான்கு ஹெல்பர்கள். பாதி வேலை எம்எஸ் (சாதா இரும்பு) ஸ்ட்ரக்சர், அதற்கு ராடும் (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) சிஓ2 மெஷினும் (கேஸ் விட்டு ஒயரை உருக்கி ஒட்டுவது) ஓடும். மீதி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க், ஹோட்டல் கிச்சன் டேபிள், அது பெரும்பாலும் ஆர்கான் கேஸ் வெல்டிங். இடையிடையே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் கைப்பிடி வேலை வரும்.

போன மாதம் ஒரு ஜிஐ பைப் வேலை. 22 வயதுப் பையன் ஒருவன் நாள் முழுக்க உட்கார்ந்து அடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். ராத்திரி பத்து மணிக்கு அவன் அம்மா போன் செய்கிறார், பையன் போர்வைக்குள் நடுங்குகிறான், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, வாயெல்லாம் இனிப்பு மாதிரி, இரும்பு மாதிரி ஏதோ ருசி என்கிறான் என்று. டெங்குவோ என்று பயந்து ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டான். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை திரும்பவும் ஜிஐ பைப், திரும்பவும் அதே காய்ச்சல். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, எங்கள் மேஸ்திரிக்கு 50 வயது, என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். இரண்டு மாதமாக இருமல். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக வருகிறது, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை.

இப்போது இருப்பது: பின் சுவரில் இரண்டு 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், நான்கு பெடஸ்டல் ஃபேன். வெல்லமும் வாழைப்பழமும் தினம் கொடுக்கிறோம், அது அப்பா போட்ட வழக்கம். ஒரு கம்பெனிக்காரர் வந்து ஷெட் முழுக்க டக்ட் (உறிஞ்சும் குழாய்) போட 9 லட்சம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு என்னால் இப்போது முடியாது. மாஸ்க் மட்டும் நல்லதாக வாங்கினால் போதுமா? ஃபேனைக் கூட்டினால் போதுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராணிப்பேட்டை சேஃப்டி:

முதலில், காய்ச்சல் எதனால் என்று நீங்களே கண்டுபிடித்து, ஊரைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கே நன்றி. நான் பாய்லர், பிரஷர் வெசல் வேலைகளில் 19 வருடம் சேஃப்டியில் இருந்தவன்.

9 லட்சம் டக்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் பிரச்சினை ஷெட்டில் புகை நிற்பது மட்டும் இல்லை. ஆர்க்கிலிருந்து, அதாவது வெல்டிங் வெளிச்சம் எரியும் முனையிலிருந்து, கிளம்பும் புகை சூட்டில் நேராக மேலே எழும்பும், அந்த வழியில்தான் வெல்டர் முகத்தைக் குனிந்து வைத்திருக்கிறார். பின் சுவர் ஃபேன் அதை வெளியே தள்ளுவதற்குள் அவர் மூச்சில் ஒரு பங்கு போய்விடும். முகத்துக்கு வரும் முன்னே பிடிக்க வேண்டும், மற்ற எல்லாமே அதற்கு அடுத்துதான். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவே, தூசியோ புகையோ பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் உறிஞ்சும் சாதனம் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

அந்த "அருகில்" என்ற சொல்லில்தான் பணமே இருக்கிறது. அமெரிக்காவின் ஓஷா (அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை) விதியில் ஒரு அட்டவணை உண்டு. உறிஞ்சும் வாய் ஆர்க்கிலிருந்து 4 முதல் 6 அங்குலத்தில் இருந்தால் நிமிடத்துக்கு 150 கன அடி காற்று இழுத்தால் போதும், 3 அங்குலக் குழாய். அதையே 10 முதல் 12 அங்குலத்துக்குத் தள்ளி வைத்தால் 600 கன அடி, குழாயும் ஐந்தரை அங்குலம். தூரம் இரண்டு மடங்கு, காற்று நான்கு மடங்கு. மோட்டார், கரண்ட் பில், ஃபில்டர் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும். அதனால் பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் வாயைக் கிட்டே கொண்டுபோக வழி பாருங்கள்.

நீங்கள் ஷீட் மெட்டல் வேலை செய்கிறவர், பாதியை நீங்களே செய்யலாம். சின்ன ஜாப்களுக்கு டேபிளின் பின்பக்கம் நிமிர்ந்த ஒரு பெட்டி, அதன் முகத்தில் கிடையாக நீளப் பிளவுகள், பின்னால் டக்ட். புகை வெல்டர் முகத்துக்கு ஏறாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து போகும். புளோவர் மட்டும் சென்ட்ரிஃபியூகல் டைப்பாக (நத்தை ஓடு மாதிரி உறைக்குள் சக்கரம் சுற்றுவது) வாங்குங்கள். சுவரில் மாட்டும் பிரொப்பெல்லர் ஃபேன் குழாய் வழியாக இழுக்காது, குழாயை மாட்டியதும் அப்படியே திணறிவிடும். இந்தத் தப்பைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். நெளிநெளியான ஃப்ளெக்சிபிள் ஹோஸையும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள், அது இழுவையைத் தின்னும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஆர்க் வரும் இடத்தில் பிடியுங்கள். புகை நெளிந்து உறிஞ்சும் வாய்க்குள் போகிறதா, நேராக மேலே போகிறதா? நேராகப் போனால் அந்த இடத்தில் அந்த மெஷின் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். விற்க வருகிறவர் முன்னாலேயே இதைச் செய்து பாருங்கள்.

பெடஸ்டல் ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். முதுகில் மோதும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து மார்புக்கும் முகத்துக்கும் நடுவே சுழலும், புகையை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கவாட்டில், தள்ளி, மெதுவாக வையுங்கள். சிஓ2, ஆர்கான் வேலைக்கு ஆர்க் இருக்கும் இடத்தில் காற்று வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் வெல்டைக் காக்கும் கேஸ் கலைந்து வெல்டில் துளை விழும், அதையும் மனதில் வையுங்கள்.


கோவை ஷெட்:

நான் வேறு மாதிரி சொல்கிறேன். எங்கள் ஷெட்டில் கூரை மேல் டர்போ வென்டிலேட்டர் (காற்றில் தானாகச் சுற்றுவது) ஆறு போட்டிருக்கிறோம், கரண்ட் செலவே இல்லை. பக்கவாட்டில் ஜாலி வைத்துக் காற்று உள்ளே வர விட்டிருக்கிறோம். ஷெட் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கிறது. உறிஞ்சும் ஆர்ம் (வளைத்து நிறுத்தும் குழாய்) ஒன்று வாங்கிப் பார்த்தோம், வெல்டர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள், கேஸையும் இழுக்கிறது என்று புகார். எம்எஸ் வேலைக்கு இவ்வளவு பயம் தேவையா? எஸ்எஸ் என்றால் சரி, குரோமியம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.


ராணிப்பேட்டை சேஃப்டி:

கூரை வென்டிலேட்டர் நல்லதுதான், கழற்ற வேண்டாம். கிரைண்டிங் செய்கிறவர், ஃபிட்டர், ஹெல்பர் எல்லோருக்கும் அது உதவும். ஆனால் ஷெட் தெளிவாக இருப்பதும் வெல்டரின் முக ஷீல்டுக்குள் தெளிவாக இருப்பதும் வேறு வேறு. ஒரு நாள் மாலை வெளிச்சம் மங்கியதும் வெல்டருக்குப் பின்னால் ஒரு டார்ச் லைட்டைப் பிடித்து, பக்கத்தில் நின்று, நீங்களும் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். புகைத்தூண் எந்த வழியாகப் போகிறது என்று தெரியும்.

எம்எஸ் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகை மொத்தத்தையும் முதல் வகுப்பில் சேர்த்தது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை. எஸ்எஸ் மட்டும் என்று அது பிரிக்கவில்லை. அதை வைத்து பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்புத் துறை 2019 பிப்ரவரியில், எம்எஸ் வெல்டிங்குக்கும் கட்டடத்துக்குள் பொதுவான காற்றோட்டம் மட்டும் போதாது, இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்று அறிவித்தது. நீங்கள் சொன்ன அதே வாதம் அங்கேயும் பல வருடம் இருந்தது.

கேஸ் இழுக்கிறது என்பது ஆர்மை வெல்டிங் டார்ச்சின் மூக்குக்கு நேரே நீட்டினால் வரும். 6 முதல் 8 அங்குலத்தில், கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் வைத்தால் வராது. முதல் நாள் ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, உடைத்து, உள்ளே துளை இருக்கிறதா என்று வெல்டருக்கே காட்டிவிடுங்கள். அதற்கப்புறம் அவர் தள்ளி வைக்க மாட்டார்.


தஞ்சாவூர் வெல்டர்:

தம்பி, நான் 31 வருடமாக ராடு பிடிக்கிறவன், அதில் 14 வருடம் சிங்கப்பூரில் கப்பல் வேலை. சேஃப்டி சார் காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜிஐ பைப்பில் பூச்சை எடுக்காமல் அடிக்கவே கூடாது. ஜாயின்டின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது கிரைண்டரில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், தேய்க்கும்போதும் மாஸ்க். பைப்பின் உள்பக்கம் பூச்சு இருக்கும், அது எரிந்து பைப் வாயிலிருந்து வெள்ளைப் புகையாக ஊதும், அந்த வாய் பையன் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி சட்டையில் ஒட்டுகிறதே, அதுதான் துத்தநாகம்.

அப்புறம் உட்காரும் முறை. பையன்கள் தரையில் குந்தி உட்கார்ந்து, ஜாப் கீழே, தலை நேர் மேலே. அந்த நிலையில் நீங்கள் என்ன மெஷின் வைத்தாலும் முகம் புகைக்குள்தான். ஜாப்பைத் தூக்கி ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு வையுங்கள், சுற்றி விடுகிற மாதிரி ஒரு ரோலர் செய்து கொடுங்கள், பழைய பேரிங் போதும். புகைத்தூண் முகத்துக்குப் பக்கத்தில் போகும்படி தலையைச் சாய்த்து அடிக்கப் பழகினால் எந்தச் செலவும் இல்லாமல் எவ்வளவோ குறையும். ஆர்க் நீளத்தைக் குறைத்துப் பிடிப்பது, ஆம்பியரைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பது, இதெல்லாமும் புகையைக் குறைக்கும். நாம் பார்க்கிற புகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ராடு, ஒயரிலிருந்து வருவதுதான், அடிக்கிற தகட்டிலிருந்து வருவது கொஞ்சம். அதனால் ராடை மாற்றினாலும், முறையை மாற்றினாலும் பலன் தெரியும். ராடில் அடிக்கிற எஸ்எஸ் வேலையில் ஆர்கானுக்கு மாற்ற முடிந்ததை மாற்றிவிடுங்கள். சிஓ2 மெஷினில் சுத்த சிஓ2-க்குப் பதில் ஆர்கான் கலந்த கேஸ் போட்டால் ஸ்பேட்டரும் (தெறித்து ஒட்டும் உலோகத் துளி) குறையும், புகையும் குறையும். கேஸ் விலை கூடும், ஆனால் ஸ்பேட்டரைச் செதுக்குகிற ஹெல்பர் நேரம் மிச்சம்.

இப்போது முக்கியமானது. எஸ்எஸ் டேங்க் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இறங்கி அடிக்கிறார்களா? ஊருக்குத் திரும்பிய புதிதில் ஒரு பட்டறையில் நான் கண்ணால் பார்த்தது இது. டேங்க் உள்ளே ஆர்கான் வேலை, மதியம் சாப்பிடப் போகும்போது கேஸை மூடவில்லை. சாப்பிட்டுவிட்டு ஹெல்பர் பையன் முதலில் இறங்கினான். ஏணியில் கடைசிப் படி, கையிலிருந்த டார்ச் ஒயர் நழுவியது, அவனும் அப்படியே சரிந்தான். சத்தமே இல்லை. அடுத்தவன் தூக்கப் போகிறேன் என்று ஏணியில் கால் வைத்தான், நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மேலேயிருந்து புளோவர் ஹோஸை உள்ளே விட்டு ஊதி, இடுப்பில் கயிறு கட்டி இறங்கித்தான் எடுத்தோம், பையன் பிழைத்தான். ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், வாசனையும் கிடையாது. டேங்குக்குள் போகும் முன் ஆக்சிஜன் மீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும், 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் யாரும் இறங்கக் கூடாது. வேலை நடக்கும் நேரம் முழுக்க ஒரு ஹோஸ் உறிஞ்ச வேண்டும், ஒரு ஆள் வெளியே நிற்க வேண்டும், அவனுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுகிற பழக்கம் சில இடத்தில் உண்டு, ஒரு பொறி பட்டால் சட்டையே பற்றி எரியும், தயவுசெய்து வேண்டாம்.

மாஸ்க்: துணி, கர்ச்சீப், நீல நிற சர்ஜிகல் மாஸ்க், இவை எதுவும் புகைக்கு ஆகாது. துகள் ஒரு மைக்ரானுக்கும் சின்னது, ஓரம் வழியாகவே உள்ளே போய்விடும். குறைந்தபட்சம் ஐஎஸ் 9473 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள எஃப்எஃப்பி2 வகை மாஸ்க், முடிந்தால் ரப்பர் ஹாஃப் மாஸ்க்கில் தட்டையான பி100 (நுண்துகளைப் பிடிக்கும் உயர்ந்த வகை) ஃபில்டர், அது ஷீல்டுக்குள் அடங்கும். தாடி இருந்தால் ஒட்டாது. எங்களுக்குச் சிங்கப்பூரில் தினம் காலையில் சவரம் செய்துகொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். மாஸ்க் கேஸைத் தடுக்காது, ஆக்சிஜனையும் கொடுக்காது, அதனால் டேங்குக்குள் மாஸ்க்கை நம்பி யாரையும் இறக்காதீர்கள்.


தொழில்நல மருத்துவர்:

தொழிலாளர் உடல்நலப் பிரிவில் வேலை செய்கிறேன். பையனுக்கு வந்தது உலோகப் புகைக் காய்ச்சல். துத்தநாகப் புகையை இழுத்த சில மணி நேரம் கழித்து வரும், ஒன்றிரண்டு நாளில் தானாகப் போகும். திங்கட்கிழமை வந்தது தற்செயல் இல்லை. தினம் இழுத்தால் உடம்பு தற்காலிகமாகப் பழகிவிடும், லீவு விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப இழுத்ததும் காய்ச்சல் வரும். பழைய புத்தகங்களில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர்.

ஒரு எச்சரிக்கை. காட்மியம் பூசிய போல்ட், காட்மியம் உள்ள வெள்ளிப் பிரேசிங் (உருக்கி ஒட்டும்) கம்பி, இவற்றின் புகையும் தொடக்கத்தில் இதே மாதிரிதான் காட்டும், ஆனால் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். காய்ச்சலோடு மூச்சுத் திணறல் இருந்தால் காலை வரை பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கிரீஸ் எடுக்க குளோரின் கலந்த கரைப்பான் பயன்படுத்தினால் தகடு முழுக்கக் காய்ந்த பின்தான் ஆர்க் அடிக்க வேண்டும், அந்த டப்பாவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆர்க் வெளிச்சத்தில் அந்த ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு ஆகும்.

மேஸ்திரியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இரண்டு மாத இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் இந்த வாரமே எடுங்கள். எடுக்கும்போது "நான் 30 வருட வெல்டர்" என்று டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். இரும்புத் துகள் நுரையீரலில் படிந்தால் எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும், தொழில் தெரியாமல் பார்த்தால் அதைக் காசநோய் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதே மாதிரி, இது வெல்டிங் புள்ளிதான் என்று உண்மையான காசநோயை விட்டுவிடவும் கூடாது. பீடி குடிக்கிறார் என்றால் அதை நிறுத்தச் சொல்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எல்லோருக்கும் வருடம் ஒரு முறை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுங்கள், எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருட எண்ணைவிட, வருடா வருடம் எப்படி இறங்குகிறது என்பதுதான் சொல்லும். ராடிலும் ஒயரிலும் மாங்கனீஸ் இருக்கிறது. வருடக்கணக்கில் இழுத்தால் நரம்பைப் பாதிக்கும்: கை நடுக்கம், நடை மாறுவது, காரணமில்லாத எரிச்சல், வேலையில் மந்தம். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நம் சட்ட அட்டவணையில் மாங்கனீஸ் புகைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் வரை என்று இருந்தது. அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் அமைப்பு நுண்துகளுக்கு 2013-இல் 0.02 என்று இறக்கிவிட்டது, ஐம்பதில் ஒரு பங்கு. எஸ்எஸ் புகையில் வரும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு (குரோமியத்தின் ஆபத்தான வடிவம்) ஓஷா வைத்திருக்கும் வரம்பு 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருநூறில் ஒரு பங்கு.

வெல்டர்களுக்கு நிமோனியா மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கிறார்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வெல்லம், வாழைப்பழம், பால்: கொடுங்கள், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சாப்பாடு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு, நுரையீரலில் படிந்ததை வெல்லம் கழுவாது. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றதை விட்டுவிடுவதுதான் ஆபத்து. அதையும் கை கழுவிவிட்டு, வெல்டிங் இடத்தைத் தாண்டி உட்கார்ந்து சாப்பிடட்டும்.


துவாக்குடி பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், செய்ததைச் சொல்கிறேன்.

மேஸ்திரிக்கு எக்ஸ்ரே, சளி இரண்டும் எடுத்தாயிற்று. காசநோய் இல்லை, ஆனால் புள்ளிகள் இருக்கின்றன, நெஞ்சு டாக்டரிடம் தொடர்ந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இப்போது ராடு பிடிப்பதில்லை, ஃபிட்டப்பும் (துண்டுகளைப் பொருத்துவது) பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான். முதலில் கோபப்பட்டார். சம்பளத்தில் கை வைக்கவில்லை என்று தெரிந்ததும் சரி என்றார்.

பெடஸ்டல் ஃபேன் நான்கும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. மாற்றிவிட்டோம். கிடந்த 16 கேஜ் தகட்டில் இரண்டு டேபிளுக்குப் பிளவு வைத்த பெட்டி செய்து, பழைய சாமான் கடையில் ஒரு சென்ட்ரிஃபியூகல் புளோவர் பிடித்து, கூரைக்கு மேலே வெளியே விட்டிருக்கிறோம். ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். பிளவிலிருந்து ஆறு அங்குலத்தில் புகை கயிறு மாதிரி வளைந்து உள்ளே போகிறது. ஒரு அடி தள்ளினால் தயங்குகிறது, ஒன்றரை அடியில் நேராக மேலே போகிறது. டேபிளில் ஆறு அங்குலத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டேன், ஜாப் அந்தக் கோட்டுக்கும் பிளவுக்கும் நடுவில்தான். ஜிஐ பைப்பைத் தேய்க்காமல் யாரும் தொடுவதில்லை. டேங்குக்கு ஆக்சிஜன் மீட்டர் வாங்கிவிட்டேன், அது வரும் வரை உள்ளே இறங்கும் வேலையை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒரு சிக்கல். நீளமான பீம் வேலைக்கு ஒரு ஆர்ம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். ஒரு அடி அடித்ததும் ஆர்மை நகர்த்த வேண்டும், நகர்த்த மாட்டேன் என்கிறார்கள். திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஷீல்டைத் தூக்கி, கையுறையைக் கழற்றி, நகர்த்தித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். என்ன செய்யலாம்?


தஞ்சாவூர் வெல்டர்:

தம்பி, டேங்க் வேலையை நிறுத்தி வைத்தீர்களே, அதற்காக உங்களுக்குக் கோடி புண்ணியம்.

நீள வேலைக்கு ஆர்ம் வேண்டாம். காந்த அடி வைத்த சின்ன வாய் ஒன்று செய்யுங்கள், தட்டையாக, பட்டையாக, ஒரு அடி நீளம், மூன்று அங்குல ஹோஸ். பீம் மேலேயே ஒட்டும், சீமுக்கு (வெல்ட் ஓடும் கோடு) நான்கு அங்குலம் தள்ளி. வெல்டர் அடுத்த இடத்துக்கு நகரும்போது முழங்கையாலேயே தள்ளிவிடலாம், கையுறை கழற்ற வேண்டாம். பெரும்பாலான எஸ்எஸ்-க்குக் காந்தம் பிடிக்காது, அதற்கு கிளாம்ப்.


ராணிப்பேட்டை சேஃப்டி:

அதோடு, சிஓ2 மெஷினுக்குப் புகை உறிஞ்சும் டார்ச் கிடைக்கிறது, வாயே டார்ச்சோடு நகரும். கொஞ்சம் கனமாக இருக்கும், முதலில் ஒன்று வாங்கி ஒரு வெல்டரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு வேண்டிய புளோவர் வேறு, காற்று குறைவு, இழுவை அதிகம், டேபிளுக்குப் போட்டதில் இணைக்காதீர்கள்.

கூரைக்கு மேலே விட்டது நல்லது. அந்த வாய் பின் சுவர் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ டீ குடிக்கிற இடத்துக்கோ பக்கத்தில் இல்லையே? மாதம் ஒரு முறை அதே ஊதுபத்தியை அதே மஞ்சள் கோட்டில் வைத்துப் பாருங்கள், தயங்க ஆரம்பித்தால் டக்டில் படிந்ததைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம்.